நாலு மணி வசனம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஸ்டேஷன் டீயிலேயே வயிற்றை ரொப்பிக்கொண்டிருக்கிறாயா? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது ஒரு பாட்டும் இறங்கும்போது ஒரு பாட்டும் பாடுகிறது. உன் மாமா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். வேறு விசேஷம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டைரக்டர் புதுப் படம் ஆரம்பித்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து போலீசுக்கு வந்த ஒரு துப்பறியும் அதிகாரியின் கதை. பாட்டு கிடையாது, காமெடி கிடையாது, கதாநாயகிக்கு இரண்டே சீன். "இதுவரைக்கும் வந்த போலீஸ் படத்துல எல்லாம் தொப்பிதான் நடிச்சிருக்கு, நம்ம படத்துல ஆள் நடிக்கணும்" என்கிறார். நான் வசன உதவி. அவர் சொல்வதை டைப் அடிப்பது, அடித்ததைத் திருத்துவது, திருத்தியதற்குத் திட்டு வாங்குவது, இதுதான் என் பிழைப்பு.

பேச்சுவாக்கில், என் தம்பி ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்று உளறிவிட்டேன். "அட, எழுத்தாளரா!" என்று மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை சார், ஸ்டேஷன் டைரி எழுதுகிற ஏட்டு என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்புறம் அதைவிடச் சந்தோஷம் அவருக்கு. "அப்ப அவர்தான்மா நமக்கு வேணும்" என்றார்.

இத்துடன் பன்னிரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். எது தப்பு, எது சரி என்று எழுது. முக்கியமாகக் கடைசி இரண்டு பக்கம். சந்தேகத்தின் பேரில் ஒருவனைக் கூட்டிவந்து உள்ளே வைத்து அடிக்கிறார்கள். செத்துப்போகிறான். அந்தச் சீனில்தான் டைரக்டர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். போனில் கேட்கலாம் என்றால் உன் ஸ்டேஷன் போனில் பத்துப் பேர் காது வைத்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். உன் வீட்டுக்காரியிடம் நான் நாத்தனார் மாதிரி இல்லாமல் அன்பாக விசாரித்தேன் என்று சொல்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் இணைப்பாகப் பன்னிரண்டு தாள்களும் கிடைக்கப்பெற்றேன். இவ்விடம் யாவரும் சௌக்கியம். வயிறு பரவாயில்லை. மாத்திரை உண்டு. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

மேற்படி தாள்களைப் படித்தேன். இன்ஸ்பெக்டர் தன் கையால் ஃபைலை எடுக்கமாட்டார். மணி அடிப்பார். மணி வேலை செய்யாது, கத்துவார். விசாரணை அறைக் கதவு முழுதாகச் சாத்தாது. மரம் ஊறிப்போயிருக்கும், ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுக்க வேண்டும். உன் கதாநாயகன் ரிக்கார்டு ரூமில் நின்று சிகரெட் பற்றவைக்கிறார். கட்டுக்கட்டாகக் காகிதம் உள்ள அறை அது. இடைவேளைக்கு முன்னால் படம் எரிந்து முடிந்துவிடும்.

கடைசி இரண்டு தாள்கள் குறித்து எனக்குச் சொல்ல ஏதும் இல்லை. நான் இருந்தவரை இந்த ஸ்டேஷனில் அப்படி நடந்ததில்லை.

படம் வந்ததும் தெரிவிக்கவும். எங்கள் புது இன்ஸ்பெக்டருக்குப் போலீஸ் படம் என்றால் உயிர். எது வந்தாலும் ஸ்டேஷனோடு கூட்டிப்போவார். தொப்பி சரியில்லை, சல்யூட் சரியில்லை என்று தியேட்டரிலேயே சத்தம் போடுவார். இப்போது மட்டும் சிரிப்பு இல்லை அவரிடம். பெரிய இடத்து வீடு ஒன்றில் திருட்டு. மேலிருந்து தினம் இரண்டு தடவை போன் வருகிறது. போன் அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறார். அவருக்கு ஏறுவது எங்களுக்கு இறங்குகிறது.

மாமாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தம்பி

பிப்ரவரி 22

அன்புள்ள மேற்படி தம்பிக்கு,

"கிடைக்கப்பெற்றேன்" என்று இன்னொரு தரம் எனக்கு எழுதினாயானால் நேரில் வந்து காதைத் திருகுவேன். கூடப்பிறந்தவளுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போடுகிறாய். வயிறு நிஜமாகவே பரவாயில்லையா? என் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன், பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சிகரெட் விஷயத்தைப் படித்துவிட்டு டைரக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஸ்டூலை முட்டுக்கொடுப்பதை அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் கடைசிச் சீன் நகரவே இல்லை. அடிபட்டுக் கிடக்கிறவன் "தண்ணி... தண்ணி..." என்கிறான். மூன்று தடவை அடித்துக் கொடுத்தேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டார். "சாகப்போறவன் எல்லாம் ஏம்மா தண்ணியே கேக்குறான்? அவனுக்கு வேற கவலையே இருக்காதா?" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நடந்ததில்லை என்கிறாய், சந்தோஷம். நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாவது எழுதேன். அங்கேயே உட்கார்ந்திருக்கிறவன் நீ, உனக்குத் தெரியாததா? அடுத்த மாதக் கடைசிக்குள் வேண்டும். ஷூட்டிங் ஏப்ரலில்.

நேரத்துக்குச் சாப்பிடு. சின்னவன் பல் விழுந்ததா?

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது. வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ அனுப்பிய தாளில் தப்பாக இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அவர் தண்ணீர் கேட்கமாட்டார். சுவர்க் கடிகாரம் ரைட்டர் மேஜைக்கு மேலே இருக்கும். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. கதவு இடுக்கு வழியாக ரைட்டரைக் கேட்பார். "நாலு மணி ஆயிடுச்சா சார்?" இதைத்தான் கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார். ரைட்டர் தலையைத் தூக்காமல் "இன்னும் ஆகல" என்பார். ஆகியிருக்கும். அதற்குப் பிறகு கேட்கமாட்டார்.

அவ்வளவுதான். வேறு வசனம் தேவையில்லை. அடிக்கிற சத்தமும் தேவையில்லை. குழாயைத் திறந்துவிட்டிருப்பார்கள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் வெளியே கேட்கும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி

ஏப்ரல் 6

என் தங்கத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும், உன் வயிறு கல்லைத் தின்றாலும் செரிக்கவேண்டும்! உன் கடிதத்தை டைரக்டருக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "டைப் அடிங்கம்மா, ஒரு எழுத்து மாத்தாம" என்றார். அடித்தேன். முதல் தடவையாகக் கிழிக்கவில்லை.

நடிகருக்குத்தான் சந்தேகம். "எதுக்கு சார் நாலு மணி? நாலு மணிக்கு என்ன?" என்று கேட்டார். டைரக்டர் சொன்னார்: "அவனுக்கு ஏதோ இருக்கு. நமக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நீ நடிச்சிருவ." அடுத்த வாரம் எடுக்கிறார்கள்.

ஆமாம், உனக்கு எப்படிடா இது தோன்றியது? பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் என்னிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறவன் நீ. ஒன்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆளை ஏன் "அவர், அவர்" என்று எழுதியிருக்கிறாய்? நான் அனுப்பிய தாளில் "அவன்" என்றுதானே இருந்தது. கதையில் அடிவாங்குகிறவனுக்கெல்லாம் யாராவது மரியாதை கொடுப்பார்களா? போலீஸ்காரனுக்கு எங்கே மரியாதை தரவேண்டும் என்றே தெரியவில்லை என்று உன் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

சின்னவன் பல்லைப் பத்திரமாக வை, பார்க்கவேண்டும். எல்லோரும் சுகமாக இருங்கள்.

அக்கா

ஏப்ரல் 23

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். கேட்டுவிட்டேன்.

நேற்று உன் மாமாவின் முகத்தில் கிடந்த பேப்பரை எடுத்து மடிக்கப்போனேன். உள்பக்கத்தில் ஒரு செய்தி. உங்கள் ஊர். ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் மார்ச் பதினொன்றாம் தேதி ஸ்டேஷனில் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனாராம். அவருடைய மனைவி விடாமல் அலைந்து இப்போது விசாரணைக்கு உத்தரவு வாங்கியிருக்கிறாராம். ஒரு நீதிபதி வருகிறாராம். ஸ்டேஷன் டைரிப்படி அவரை அழைத்துவந்தது மாலை ஐந்து பத்துக்கு. அந்த அம்மா, இல்லை, இரண்டரைக்கே கூட்டிப்போய்விட்டார்கள் என்கிறார். கடைசியில் இரண்டு வரி. அதை இங்கே பார்த்து எழுதுகிறேன்: "அன்னைக்கு எனக்கு வேலை. பாப்பாவ ஸ்கூல்ல இருந்து அவர்தான் கூப்பிட்டு வரணும். நாலு மணிக்கு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா என்னமோ ஏதோ என்று பதறி எழுந்தார். முழங்கால் என்று சொன்னேன்.

அந்தச் சீனை எடுத்து முடித்துவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று கைதட்டினேன்.

ஸ்டேஷன் டைரியில் ஐந்து பத்து என்று எழுதியது யாருடைய கை? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

மே 3

அக்காவுக்கு,

அனைவரும் நலம் என நம்புகிறேன்.

அந்த வசனத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடவும். எப்படியாவது எடுத்துவிடவும். படம் வந்தால் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். அந்த அறையில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. மார்ச் மாதம் நான் எழுதிய கடிதத்தை எரித்துவிடவும். உன் கடிதங்களை நான் எரித்துவிட்டேன்.

இது பற்றி மேற்கொண்டு எழுதவேண்டாம்.

தம்பி

மே 10

தம்பிக்கு,

எழுதவேண்டாமாம்! யாருக்கு உத்தரவு போடுகிறாய்? உன் ஸ்டேஷனில் கான்ஸ்டபிளா நான்?

நான்கு வரி எழுதியிருக்கிறாய். ஒரு வரியில்கூட நான் கேட்டதற்குப் பதில் இல்லை. உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவள்டா நான். காய்ச்சலில் கிடந்தபோது ராப்பகலாக உட்கார்ந்திருந்தவள். என் தம்பி ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்கமாட்டான் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள். எனக்கு நான்கு வரி.

அந்த வசனத்தை எடுப்பது ஒன்றும் சாமானியமில்லை. எடுத்தாகிவிட்ட சீன். டைரக்டர் உயிரை விடுவார். இருந்தாலும் செய்கிறேன். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ உன் கையால் எனக்கு எழுதவேண்டும். எழுதாமல் நான் எதையும் செய்யமாட்டேன். நீ அடித்தாயா? அதையாவது சொல். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?

அக்கா

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகள் சுகம். நான் அடிக்கவில்லை. நான் மேஜையில் இருந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு வந்தார். "ஒரு கையெழுத்துதான், உடனே போயிடலாம்" என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார், சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. பெரிய வீட்டில் காணாமல்போன ரேடியோவை யாரோ அவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறான். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. உட்காருவதற்கு முன்னால் என்னிடம்தான் கேட்டார். "நாலு மணிக்குள்ள விட்டுடுவீங்களா சார்? பாப்பாவ கூப்பிடப் போகணும்." நான் சொன்னேன்: "போயிடலாம், உக்காருங்க."

அன்று காலையில் மேலிருந்து வந்த போனில் இன்ஸ்பெக்டரைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டியிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் ஆள் வேண்டும் என்று கெடு. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. உள்ளே ரேடியோக்காரரோடு இன்ஸ்பெக்டரும் இன்னும் இரண்டு போலீசாரும். கதவுக்கு ஸ்டூல். குழாயைத் திறந்துவிட்டார்கள்.

ரேடியோக்காரர் மூன்று தடவை கேட்டார். முதல் இரண்டு தடவை நான் பதில் சொல்லவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது மணி நாலு இருபத்தைந்து. "இன்னும் ஆகல, பேசாம இருங்க" என்றேன். ஆகிவிட்டது என்று சொன்னால் துடித்துப்போவார் என்று நினைத்தேன். இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் அக்கா. சத்தியமாக இரக்கப்பட்டுத்தான். அந்தக் குழந்தை அப்போது பள்ளிக்கூட கேட்டில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் சத்தமே இல்லை. ஐந்தரைக்கு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "ரைட்டர், அஞ்சு பத்துக்குக் கூட்டிட்டு வந்ததா போடு" என்றார். போட்டேன். என் கைதான். உன்னைப்போலவே எனக்கும் எழுத்து மணிமணியாக இருக்கும், பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இந்த மாதம் ஏழாம் தேதி எனக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கிறார். வேலையில் கவனக்குறைவு என்று. மேலே அனுப்பவில்லை, டிராயரில் வைத்திருக்கிறார். "விசாரணையில ஒழுங்கா பேசு, இத நானே கிழிச்சிடுறேன்" என்கிறார். ஜூன் இருபதாம் தேதி எனக்குச் சாட்சி. ஐந்து பத்து என்றுதான் சொல்லப்போகிறேன். வேலை போனால் நாங்கள் எங்கே போவோம்? பொய் எழுதியதற்கு என்னையும் சேர்த்து உள்ளே தள்ளுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இனிமேல் நான் சொன்னதைச் செய்.

தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

வயிற்றுக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாயா? என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை.

வசனத்தை எடுத்தாகிவிட்டது. டப்பிங் தியேட்டரில் வைத்து டைரக்டரிடம் பொய்யாக அடுக்கினேன். யூனிட்டில் யாருக்கும் புரியவில்லை என்றேன், அவர் மசியவில்லை. படம் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றேன், முறைத்தார். கடைசியில், போலீஸ் பக்கம் இருந்து ஆட்சேபனை வரும், படமே நின்றுவிடும் என்று என் தம்பி எழுதியிருக்கிறான் என்றேன். அதில்தான் ஆடிப்போனார். "இந்தப் படத்துலயே அது ஒண்ணுதாம்மா உண்மை மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நடிகர் மைக் முன்னால் நின்று "தண்ணி... தண்ணி..." என்று நான்கு தடவை சொன்னார். நான்காவதை ஓகே செய்தோம். உதட்டசைவு பொருந்தவில்லை என்று முகம் தெரிகிற ஷாட்டைத் தூக்கிவிட்டு, முதுகுப் பக்கம் எடுத்ததைப் போட்டார்கள். ஷூட்டிங்கில் பதிவான டேப்பை அழிக்கச் சொன்னேன். டைப் அடித்த தாளையும் கார்பன் காப்பியையும் கிழித்தேன். என் வேலையில் நான் கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியும்.

உன் கடிதங்களையும் பார்த்துக்கொண்டேன். கவலைப்படாதே.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு முகம் இருக்கும், அந்தக் குழந்தைக்கு ஒரு முகம் இருக்கும், எனக்கு அவை தெரியாது. எனக்குத் தெரிந்த முகங்கள் உன் வீட்டில் இருக்கின்றன. அவ்வளவுதான் என் நியாயம். இதைப் பற்றி இனி நாம் பேசவேண்டாம்.

இருபதாம் தேதி காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. வெறும் வயிற்றோடு போகாதே.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருபதாம் தேதியிலிருந்து வயிற்று வலி இல்லை. உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஐந்து பத்து என்று சொல்லத்தான் போனேன். எனக்கு முன்னால் அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். தையல் வேலை செய்கிறவர். அழவில்லை. நீதிபதி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நீதிபதி கேட்டார். அதற்கு அவர் சொன்னதை நான் மறந்தும் மாற்றமாட்டேன், அப்படியே எழுதுகிறேன்:

"அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து ஆள் வந்து சொன்னாங்க, பாப்பா ஒத்தையா நிக்குதுன்னு. பிள்ளைய மறந்துட்டாரேன்னு வழியெல்லாம் அவர திட்டிக்கிட்டே போனேன் சார். வீட்டுக்கு வரட்டும், வச்சுக்கறேன்னு. பாப்பாவும் கேக்குது, அப்பா ஏம்மா என்னை மறந்துட்டாருன்னு. யாரு அடிச்சாங்க, எத்தனை பேரு அடிச்சாங்க, அதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க. அவர் பிள்ளைய மறந்தாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். டைரியைக் கையில் கொடுத்து, உம்முடைய எழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நேரத்தைப் படிக்கச் சொன்னார்கள். நான் படிக்கவில்லை. அந்த அம்மா பக்கம் திரும்பி, "அவர் மறக்கலம்மா" என்றேன். "மூணு தடவை கேட்டாரு. நான்தான் இன்னும் ஆகலன்னு சொன்னேன்." அப்புறம் நீதிபதி பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாற்பது, நாலு இருபத்தைந்து, ஐந்தரை. பொய்யாக எழுதியது என் கை என்றும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டரின் வக்கீல் எழுந்து மெமோவை நீட்டினார். மே ஏழாம் தேதி மெமோ வாங்கிய ஆத்திரத்தில் இவர் கதை கட்டுகிறார் என்றார். "இதுக்கு முன்னால யார்கிட்டயாவது இத சொல்லியிருக்கீரா? மெமோவுக்கு முன்னால? ஒருத்தர்கிட்டயாவது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சொல்லியிருக்கிறேன் என்றேன். மார்ச் இருபத்தொன்பதாம் தேதி என் அக்காவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், உறையில் தபால் முத்திரை இருக்கும் என்றேன். கடிதம் எங்கே என்றார்கள். என் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

நான் எரிக்கச் சொன்னேன். ஆனால் எனக்கு உன்னைத் தெரியாதா? நான் சொல்லி நீ எதைச் செய்திருக்கிறாய்? அடமாக எனக்காக வைத்திருப்பாய். "பார்த்துக்கொண்டேன், கவலைப்படாதே" என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த அறையில் சத்தியம் செய்தேன்.

ஜூலை ஐந்தாம் தேதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் வந்தால் ரேடியோக்காரர் நாலு மணிக்கு ஸ்டேஷனில் இருந்தார் என்று நிற்கும். வராவிட்டால் பொய்ச்சாட்சி சொன்னதாக என்மேல் வழக்கு, டைரியில் உள்ள ஐந்து பத்து நிலைத்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்பாதே, நேரில் கொண்டுவா.

வெளியே வந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த லெட்டர் வந்ததும் எனக்கு ஒரு தடவை காட்டுவீங்களா சார்? பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார். காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அன்புத் தம்பி

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. வயிற்று வலி போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். மற்றதை எழுதாமல் இருக்க முடியாதா என்று பார்த்தேன்.

எரித்துவிட்டேன். ஜூன் ஏழாம் தேதி சமையலறையில், உறையோடு சேர்த்து, மார்ச் கடிதம், மே கடைசிக் கடிதம் இரண்டையும். சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். நான் உனக்கு எழுதுவது யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்ற பயத்தில்தான், எரித்தேன் என்று எழுதாமல், பார்த்துக்கொண்டேன் என்று எழுதினேன். நீ அதை வைத்திருக்கிறேன் என்று படித்திருக்கிறாய்.

இன்று காலையில் டைரக்டரிடம் ஓடினேன். அந்த வசனம் ஏப்ரலில் எடுத்தது, மெமோவுக்கு முந்தியது, நீங்கள் வந்து சொல்லுங்கள் சார் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். விஷயம் முழுவதும் சொன்னேன். அவர் நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டார். "நீங்கதானம்மா அழிக்கச் சொன்னீங்க? இப்ப என்கிட்ட என்ன இருக்கு? படம் அடுத்த மாசம் வருது, என்னைய எதுலயும் இழுக்காதீங்க" என்றார். ஒலிப்பதிவுக்காரரிடம் போனேன். அந்த டேப்பில் வேறு படத்தைப் பதிவு செய்துவிட்டார்களாம். முகம் தெரிகிற அந்த ஷாட்டைத் தேடினேன், வெட்டிய துண்டுகளை வாரி வெளியே கொட்டிவிட்டார்களாம். என்னிடம் உன் மே மாதத்து நான்கு வரிக் கடிதம் இருக்கிறது, நேற்று வந்த கடிதம் இருக்கிறது. இரண்டும் அந்த வக்கீலுக்குப் பதிலாகாது. முதலாவதில் நாலு மணி என்ற பேச்சே இல்லை, எரிக்கச் சொன்னதுதான் இருக்கிறது; இரண்டாவது மெமோவுக்குப் பிந்தியது.

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். ஐந்தாம் தேதி நானே அங்கே வந்து நிற்கிறேன். அந்தக் கடிதத்தில் இருந்ததை வரிக்கு வரி சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். கூடப்பிறந்தவள் அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். சொல்லட்டும். முதலில் அந்த அம்மாவிடம் போய், காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன். நீ சொல்லவேண்டாம்.

ஏன் எரித்தாய் என்று நீதிபதி கேட்பார். நேற்றிலிருந்து அதற்குத்தான் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தம்பிமேல் உள்ள பாசத்தில் என்று சொல்லலாம், அது பாதிதான். என் தம்பி அங்கே போய்ப் பொய்தான் சொல்வான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது, சார், அதனால்தான் எரித்தேன். இப்படித்தான் சொல்லவேண்டும். நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லையடா.

அக்கா